தைத்த தசைநாணும் தீர்ந்த வலியும்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2004இல் தோள் அறுவை சிகிச்சை பற்றி ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வில் இருந்தவர்கள் 18 பேர்தான். எல்லோருக்கும் தோள்பட்டையின் தசைநாண் பெரிய அளவில் கிழிந்திருந்தது. சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தும் ஆர்த்ரோஸ்கோப்பி முறையில், கிழிந்த நாணை இழுத்து எலும்போடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஓராண்டு கழித்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தபோது 18இல் 17 தோள்களில் நாண் எலும்பிலிருந்து மறுபடி விலகியிருந்தது.

அதே நோயாளிகளின் வலியையும் கை இயக்கத்தையும் 100 புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டபோது வேறொரு படம் கிடைத்தது. அறுவைக்கு முன் 48 ஆக இருந்த சராசரி, ஓராண்டில் 85ஐ நெருங்கியிருந்தது. இரண்டாம் ஆண்டில் சற்று இறங்கி 80இல் நின்றது. தையல் நிலைக்கவில்லை, ஆனால் ஆட்கள் முன்னைவிட நன்றாக இருந்தார்கள்.

இந்த முடிவைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? தோள் நாண் அறுவையைப் பற்றிக் கடந்த 30 ஆண்டுகளாக நடக்கும் விவாதம் முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. நாண் ஒட்டியதா என்பது ஒரு கேள்வி. நோயாளி தேறினாரா என்பது இன்னொன்று. அவர் தேறியதற்கு அறுவைதான் காரணமா என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டதால்தான் இந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர்களும் நோயாளிகளும் நீண்ட காலம் தவறான கணக்குப் போட்டார்கள் என்பது என் துணிபு.

தோளின் அமைப்பு

மனித உடலில் மிக அதிகம் சுழலும் மூட்டு தோள்மூட்டு. அந்தச் சுதந்திரத்துக்கு அது கொடுக்கும் விலை, நிலைத்தன்மை. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது. அதைத் தாங்கும் தோள்பட்டை எலும்பின் குழியோ சிறியது, ஆழமில்லாதது. உருண்டையைக் குழியின் நடுவே பிடித்து வைத்திருப்பவை நான்கு தசைகள்: மேலே சுப்ராஸ்பினேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பினேட்டஸும் டீரிஸ் மைனரும், முன்னால் சப்ஸ்கேபுலாரிஸ். இவற்றின் நாண்கள் ஒன்றோடொன்று இழைந்து உருண்டையைச் சுற்றி ஓர் உறைபோல ஒட்டியிருக்கின்றன. இதைத்தான் மருத்துவர்கள் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். ‘தோள்பட்டையில் ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று நம்மவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த உறையில் ஏற்படும் கிழிசலைத்தான். அதிகம் கிழிவது மேலே இருக்கும் சுப்ராஸ்பினேட்டஸ்.

கிழிசல் இரண்டு வழிகளில் வரும். விழுந்தோ, கனத்தைச் சட்டென்று தூக்கியோ, தோள் நழுவியோ ஒரே நொடியில் கிழிவது ஒன்று. பல ஆண்டுகள் உருளையில் ஓடிய கிணற்றுக் கயிறு இழை இழையாக இற்றுப்போவதைப் போல வயதோடு மெல்லத் தேய்ந்து கிழிவது மற்றது. இந்த இரண்டாம் வகைதான் மிகுதி. சிகிச்சையின் பலனைப் பேசும்போது இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் எந்தப் புள்ளிவிவரமும் பொருளற்றுப்போகும்.

பாஸ்டனின் பிடிவாதக்காரர்

தோள் நாண் அறுவையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எர்னஸ்ட் அமோரி காட்மேனிடமிருந்துதான் தொடங்குவார்கள். ஜெர்மானிய மருத்துவர்கள் சிலர் முன்பே முயன்றிருந்தாலும், 1909இல் பாஸ்டனில் கிழிந்த சுப்ராஸ்பினேட்டஸ் நாணைத் தைத்து, 1911இல் அதை விரிவாக எழுதி, அந்தத் துறைக்கே அடித்தளமிட்டவர் அவர். 1934இல் அவர் தம் செலவிலேயே வெளியிட்ட ‘தி ஷோல்டர்’ என்ற நூலை இன்றும் தோள் மருத்துவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அவரை இங்கே நினைப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அறுவை செய்துகொண்டு வீட்டுக்குப் போன ஒவ்வொரு நோயாளியும் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று மருத்துவமனை தேடிப் பார்க்க வேண்டும், நலமில்லையென்றால் ஏன் என்று கேட்டு அந்த விடையை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று அவர் வாதிட்டார். ‘இறுதி விளைவு’ என்று அந்தக் கொள்கைக்குப் பெயரிட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. என்ன நோய், என்ன செய்தோம், என்ன ஆனது என்ற மூன்றும் அதில் இருக்கும். இன்று இது எளிய யோசனையாகத் தோன்றலாம். 1910களின் பாஸ்டனில் அது கலகமாகப் பார்க்கப்பட்டது.

தாம் பணியாற்றிய மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பதவி உயர்வு திறமையைப் பார்த்துத் தரப்படாமல் பணிமூப்பைப் பார்த்தே தரப்படுவதை எதிர்த்து 1914இல் அவர் பதவி விலகினார். 1915 ஜனவரியில் தாம் தலைமை தாங்கிய மருத்துவர் கூட்டத்தில், நகரத்தின் செல்வந்தர்களை மணலில் தலை புதைத்துப் பொன்முட்டையிடும் தீக்கோழியாக வரைந்த பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திரை விலக்கிக் காட்டினார். நண்பர்கள் விலகினார்கள், வருமானம் சரிந்தது. இருந்தும் தாம் தொடங்கிய சிறு மருத்துவமனையின் கணக்கை ஒளிக்காமல் வெளியிட்டார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர், அவர்களுக்குச் செய்த சிகிச்சையில் நேர்ந்த பிழைகள் 123 என்று அவரே எண்ணி அச்சிட்டார். தம் பிழைகளைத் தாமே எண்ணி ஊருக்குச் சொன்ன அறுவை மருத்துவர் அந்தக் காலத்தில் வேறொருவர் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. 1940இல் அவர் இறந்தபோது கல்லறையில் பெயர்க்கல்கூட வைக்கப்படவில்லை. 2014இல்தான் பிற்கால மருத்துவர்கள் சேர்ந்து ஒரு கல் நட்டார்கள்.

தோள் நாணைத் தைக்கவும், தைத்தபின் என்ன ஆனது என்று பார்க்கவும் ஒரே மனிதர் கற்றுக்கொடுத்திருக்கிறார். முதல் பாடத்தை உலகம் உடனே எடுத்துக்கொண்டது. இரண்டாவதைப் பிடிப்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

கிழிசல் இருந்தும் வலியில்லாதவர்கள்

வலியோடு வருகிறவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம், கிழிசல் தெரிகிறது. வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்தே நம்புகிறார்கள். வலியில்லாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தோள் தொல்லை எதுவும் இல்லாத 96 பேரைப் படம் எடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்கு முழுமையாகவோ பகுதியாகவோ கிழிசல் இருந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் பாதிப்பேருக்கும் மேல், அதாவது 54 சதவீதத்தினருக்கு, இருந்தது.

ஜப்பானில் ஒரு கிராமத்தில் 664 பேரை அல்ட்ராசவுண்ட் மூலம் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. 50 வயதுக்குக் குறைந்தவர்களில் ஒருவருக்கும் முழுக் கிழிசல் இல்லை. 50களில் 10.7 சதவீதம், 60களில் 15.2, 70களில் 26.5, 80களில் 36.6 என்று படிப்படியாக ஏறுகிறது. கிழிசல் உள்ளவர்களில் மூன்றில் இருவருக்கு எந்த வலியும் இல்லை. நரைமுடியைப் போல, முதுமையோடு வரும் மாற்றங்களில் இதுவும் ஒன்றாகவே பலருக்கு இருந்துவிட்டுப் போகிறது.

இதிலிருந்து ‘கிழிசல் ஒன்றும் செய்யாது’ என்று முடிவு கட்டுவது அவசரம். வலியில்லாத கிழிசல் உள்ள 224 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த செயின்ட் லூயிஸ் மருத்துவர்கள், ஏறத்தாழ பாதிப்பேரின் கிழிசல் பெரிதாகியதையும் 46 சதவீதத்தினருக்குப் பின்னர் வலி வந்ததையும் 2015இல் எழுதினார்கள். கிழிசல் பெரிதானவர்களுக்கே வலி வரும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. ஆகவே கிழிசலுக்கும் வலிக்கும் உறவு உண்டு, ஆனால் அது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடிய நேர் உறவு அன்று.

தைத்தது ஏன் ஒட்டுவதில்லை

நாணும் எலும்பும் சேரும் இடம் இயற்கையின் நுட்பமான வேலைப்பாடு. மென்மையான நாண் மெல்ல மெல்லக் குருத்தெலும்பின் தன்மை பெற்று, பின் சுண்ணாம்பு ஏறிய குருத்தெலும்பாகி, கடைசியில் எலும்பாகிறது. நான்கு அடுக்குகளின் வழியே இழுவிசை சிதறிப் பரவுகிறது. ஒருமுறை அறுந்தபின் பெரியவர்களின் உடல் இந்த நான்கடுக்கை மீண்டும் உருவாக்குவதில்லை. தைத்த இடத்தில் வளர்வது தழும்புத் திசுதான். அது பழையதன் வலிமையை எட்டுவதில்லை.

எனவே அறுவை மருத்துவரின் கைத்திறன் ஒரு பாதி என்றால் நோயாளியின் திசு மறுபாதி. பிரான்சின் நீஸ் நகரத்தில் சுப்ராஸ்பினேட்டஸ் நாணை ஆர்த்ரோஸ்கோப்பி வழியே தைத்த 65 பேரை 2005இல் ஆராய்ந்தபோது 71 சதவீதத்தினருக்கு நாண் முழுமையாக ஒட்டியிருந்தது. 65 வயதைக் கடந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் அது 43 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவரும் முறையும் ஒன்றுதான், மாறியது வயது மட்டும். கிழிசலின் அளவும் அதுபோலவே முடிவை மாற்றுகிறது. சியாட்டிலில் 105 தோள்களைச் சராசரியாக 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்த 1991ஆம் ஆண்டு ஆய்வில், சுப்ராஸ்பினேட்டஸ் மட்டும் கிழிந்திருந்தவர்களில் 80 சதவீதத்தினரின் தையல் நிலைத்திருந்தது. அதைத் தாண்டிய பெரிய கிழிசல்களில் பாதிக்கும் மேல் மறுபடி விட்டுப்போயிருந்தன. மறுகிழிசல் நேரும் காலமும் ஓரளவு தெரியும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களிலோ ஆறு மாதங்களுக்குள்ளோ நேர்ந்துவிடும். அந்தக் கட்டத்தைத் தாண்டிய நாண் பிறகு கிழிவது குறைவு.

வேறு சில காரணிகளும் உண்டு. நாண் அறுந்து வேலையற்றுப்போன தசை சுருங்கி, அதில் கொழுப்பு படிகிறது. பிரான்சைச் சேர்ந்த கூட்டாலியே 1994இல் இதை 0 முதல் 4 வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். முற்றிய நிலையில் உள்ள தசை, நாணைத் தைத்துவிட்டாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. புகைப்பழக்கம் ஒட்டுதலைக் கெடுக்கிறது. கட்டுப்படாத நீரிழிவும் கெடுக்கிறது, அதோடு அறுவைக்குப்பின் தோள் இறுகிப்போகும் வாய்ப்பையும் கூட்டுகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க முடிவுகளை நம் நோயாளிகளுக்குப் பொருத்தும்போது இதை நினைவில் கொள்ளாமல் இருக்க முடியாது.

கருவிகள் மேம்பட்டால் இது தீரும் என்று நெடுங்காலம் எதிர்பார்த்தார்கள். பெரிய கீறலுக்குப் பதில் நுண்துளை வந்தது. எலும்பில் பதிக்கும் நங்கூர ஆணிகள் வந்தன. ஒற்றை வரிசைத் தையல் இரட்டை வரிசையானது. பிரிட்டனில் 273 நோயாளிகளைக் கொண்டு திறந்த அறுவையையும் நுண்துளை அறுவையையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டில் மறுகிழிசல் நுண்துளை முறையில் 46.4 சதவீதம், திறந்த முறையில் 38.6 சதவீதம். இந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதன்று. நோயாளிகள் தங்கள் தோளுக்குத் தாங்களே தந்த மதிப்பெண், 48க்கு 25, 26 என்ற அளவிலிருந்து இரண்டாண்டில் இரு குழுக்களிலும் 41ஐத் தாண்டியது. மறுபடி கிழிந்தவர்களும் தேறியிருந்தார்கள். கிழியாதவர்கள் அவர்களைவிட அதிகம் தேறியிருந்தார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை அறுவையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துப் பேசுகிறார்கள். முழு வாக்கியமும் உண்மை.

ஒட்டாமலே தேறுவது எப்படி? ஒரு விளக்கம் இயங்கியல் சார்ந்தது. முன்பக்கத் தசையும் பின்பக்கத் தசையும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து இழுத்தால், மேலே ஓட்டை இருந்தாலும் உருண்டை நடுவில் நிற்கும் என்று டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டீபன் பர்க்ஹார்ட் விளக்கினார். தைத்தது முழுமையாக நிலைக்காவிட்டாலும் அந்தச் சமநிலை மீண்டிருக்கலாம். இன்னொரு விளக்கம் அறுவை மருத்துவர்களுக்கு அவ்வளவு உவப்பானதன்று. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் அறுவைக்கு ஒப்புக்கொள்கிறார், உச்சத்தில் இருக்கும் வலி பெரும்பாலும் தானாகவே தணியும். அறுவைக்குப்பின் சில வாரங்கள் கைக்கு முழு ஓய்வு, பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி. இவற்றில் எது எவ்வளவு தேற்றியது என்பதை அறுவை செய்துகொண்டவர்களை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்தபோது

ஒப்பீடு எவ்வளவு தேவை என்பதைத் தோளிலேயே நடந்த வேறொரு கதை காட்டியது. நாணுக்கு மேலே இருக்கும் எலும்பு முனை உராய்ந்துதான் நாண் தேய்கிறது என்று அமெரிக்காவின் சார்லஸ் நீர் 1972இல் எழுதினார். அந்த முனையைச் செதுக்கி இடம் உண்டாக்கும் அறுவை உலகெங்கும் லட்சக்கணக்கில் நடந்தது. பிரிட்டனில் 313 பேரை மூன்று குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். ஒரு குழுவுக்குத் துளையிட்டு உள்ளே பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடினார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் செய்யவில்லை. 2018இல் வெளியான முடிவில், எலும்பு செதுக்கப்பட்டவர்களும் சும்மா துளையிடப்பட்டவர்களும் ஒரே அளவில் தேறியிருந்தார்கள். எதுவும் செய்யப்படாதவர்களைவிட அவர்கள் முன்னேறியது சொற்ப அளவே. அதே ஆண்டு பின்லாந்தில் 210 பேரிடம் நடந்த ஆய்வும் செதுக்குவதால் போலி அறுவையைவிடப் பொருட்படுத்தத் தக்க பலன் இல்லை என்றே சொன்னது. 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அமைத்த நிபுணர் குழு இந்த அறுவையைச் செய்ய வேண்டாம் என்று வலுவாகப் பரிந்துரைத்தது.

நாணைத் தைப்பது எலும்பைச் செதுக்குவதைப் போன்றதன்று. இங்கே அறுந்த ஒன்றை இணைக்கிறோம். அதற்கான ஒப்பீடுகள் பெரும்பாலும் போலி அறுவையோடு நடக்கவில்லை, பிசியோதெரபியோடு நடந்தன. அவற்றுள் இரண்டைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. இரண்டும் வேறு திசைகளைக் காட்டுவதாகச் சொல்லப்படுகிறது. என் பார்வையில் அவை ஒன்றையொன்று நிரப்புகின்றன.

பின்லாந்து ஆய்வு 2014இல் வந்தது. 55 வயதைக் கடந்தவர்கள், அடிபடாமல் தேய்ந்து கிழிந்த சுப்ராஸ்பினேட்டஸ், மொத்தம் 180 தோள்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும், ஒரு குழுவுக்கு அதோடு எலும்பைச் செதுக்குதல், மூன்றாம் குழுவுக்கு இரண்டோடும் நாணைத் தைத்தல். தோளின் நிலையை அளக்கும் 100 புள்ளி கான்ஸ்டன்ட் அளவுகோலில் ஓராண்டு முடிவில் வந்த எண்கள் 74, 77, 78. இரண்டாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை.

நார்வே ஆய்வில் 103 பேர். கிழிசல் 3 சென்டிமீட்டருக்கு மிகாதவர்கள். பாதிப்பேருக்குத் தையல், பாதிப்பேருக்குப் பிசியோதெரபி, தேறாவிட்டால் பிறகு அறுவைக்கு மாறலாம். ஐந்தாண்டு முடிவில் தையல் குழு அதே கான்ஸ்டன்ட் அளவுகோலில் 5 புள்ளிகள் முன்னே நின்றது. பத்தாண்டு முடிவில், 2019இல், அந்த இடைவெளி 9.6 ஆக விரிந்திருந்தது. பிசியோதெரபிக் குழுவிலிருந்து அதற்குள் 14 பேர் அறுவைக்கு மாறியிருந்தார்கள். தைக்காமல் விடப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்தாண்டில் கிழிசல் 5 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தது, அவர்களே பின்தங்கியும் இருந்தார்கள்.

9.6 புள்ளி என்பது ஒருவர் தம் அன்றாட வாழ்வில் உணரக்கூடிய வேறுபாடா? அதே அளவுகோலில் சுமார் 10 புள்ளி ஏறினால்தான் நோயாளி தம் தோள் தேறியதாகச் சொல்கிறார் என்று முன்பே ஒரு பின்லாந்து ஆய்வு கணக்கிட்டிருந்தது. நார்வேயின் பத்தாண்டு வேறுபாடு அந்த எல்லைக்கு மிக அருகே நிற்கிறது, ஐந்தாண்டு வேறுபாடு பாதியில் நிற்கிறது. தைப்பதன் பலன் உடனே பெருமளவில் தெரிவதன்று, காலம் செல்லச் செல்லக் கூடுவது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். இன்னும் முப்பது ஆண்டுகள் கையைப் பயன்படுத்த வேண்டியவருக்கு இந்தக் கணக்கு பெரிது. எண்பதை நெருங்குகிறவருக்கு அவ்வளவு பெரிதன்று.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் அதுவரை நடந்த 9 ஆய்வுகளையும் அவற்றின் 1,007 நோயாளிகளையும் சேர்த்து எடைபோட்டது. ஓராண்டு முடிவில் அறுவையால் கூடுதலாகக் கிடைத்த நிவாரணம், வலியில் 10க்கு ஒரு புள்ளிகூட இல்லை. இயக்கத்தில் 100க்கு 6 புள்ளி. மருத்துவ ரீதியாக முக்கியமானது என்று சொல்லத்தக்க பலன் இல்லை என்பதே அதன் தீர்ப்பு. ஆனால் அந்த மதிப்பீடு ஓராண்டைச் சார்ந்தது, பெரும்பாலும் தேய்மானக் கிழிசல்களைச் சார்ந்தது என்பதை மறக்கலாகாது. 2021இல் பின்லாந்திலிருந்தே வந்த இன்னோர் ஆய்வு வேறு விதமாக வடிகட்டியது. எல்லோருக்கும் முதலில் மூன்று மாதப் பயிற்சி. அதற்குப் பின்னும் தேறாதவர்களை மட்டும் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். நாண் முழுத் தடிமனுக்கும் கிழிந்திருந்தவர்களுக்கு அறுவை நல்ல பலன் தந்தது. அப்படிக் கிழியாதவர்களுக்கு அறுவை எதையும் கூட்டவில்லை.

மூன்று மாதப் பயிற்சிக்கு அமெரிக்காவிலும் சான்று உண்டு. பல ஊர் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய மூன் ஆய்வில், அடிபடாமல் முழுக் கிழிசல் வந்த 452 பேருக்கு ஒழுங்கான பயிற்சித் திட்டம் தந்தார்கள். இரண்டாண்டில் அறுவைக்குப் போனவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. பத்தாண்டு முடிவில்கூட அந்த எண்ணிக்கை நான்கில் ஒருவரைச் சற்றே தாண்டியது. அறுவைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் முதல் சில மாதங்களிலேயே போய்விட்டார்கள். யார் போவார் என்பதை மிகவும் தீர்மானித்தது கிழிசலின் அளவன்று, பயிற்சியால் குணமாகும் என்று அவர் நம்பினாரா என்பதுதான். இதை நான் அலட்சியமாகக் கடக்க விரும்பவில்லை. ‘ஆபரேஷன் செய்யாவிட்டால் கை போய்விடும்’ என்று மருத்துவமனையில் ஒருவர் சொல்லும் ஒரு வாக்கியம், நோயாளி செய்யப்போகும் பயிற்சியின் பலனையே அரித்துவிடக்கூடும்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

இவ்வளவும் படித்தபின் எல்லோரும் அறுவையைத் தள்ளிப்போடலாம் என்று யாராவது முடிவு செய்தால் அது ஆபத்து. முன்பு நன்றாக இருந்த தோள், இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்த மறுநாள் கையைத் தூக்க முடியாமல் போனால், அது வேறு நோய். 40 வயதைக் கடந்த ஒருவருக்குத் தோள் நழுவினால் எலும்பைப் பொருத்திவிட்டதோடு வேலை முடிவதில்லை. நாணும் கிழிந்திருக்கும் வாய்ப்பு கணிசமானது. இத்தகையவர்களின் தசை இன்னும் கொழுப்பேறாமல், சுருங்காமல் இருக்கும். அந்த நிலையில் தைத்தால் ஒட்டும் வாய்ப்பு அதிகம். மாதங்கள் கடந்தால் அது கைநழுவும். ‘சதைப் பிடிப்பு, எண்ணெய் தடவினால் சரியாகும்’ என்று அரையாண்டு ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்குத்தான் உண்மையான இழப்பு. முன்பக்கத்து சப்ஸ்கேபுலாரிஸ் அறுந்தவர்களுக்கும் இளவயதினருக்கும் கையால் பாரம் தூக்கிப் பிழைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒட்டிய நாணுக்கும் ஒட்டாத நாணுக்கும் உள்ள வேறுபாடு வலியைவிடப் பலத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. மூட்டை தூக்குகிறவருக்கும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவருக்கும் பலம்தான் கூலி.

தைக்க முடியாத நிலைக்குப் போய்விட்ட பெரிய கிழிசல்களுக்கு வேறு வழிகள் உண்டு. பந்தையும் குழியையும் இடம் மாற்றிப் பொருத்தும் ரிவர்ஸ் செயற்கை மூட்டை பிரான்சின் பால் கிராமான் 1985இல் உருவாக்கினார். நாண் இல்லாமலே தோளை மேலே போர்த்தியிருக்கும் டெல்டாய்ட் தசையைக் கொண்டு கையைத் தூக்கவைக்கும் அந்த அமைப்பு முதியவர்கள் பலருக்கு விடுதலை தந்திருக்கிறது. எல்லாப் புதுமையும் அப்படி அமையவில்லை. எலும்புகளுக்கு நடுவே பலூனை வைக்கும் முறை ஆர்வத்தோடு பரவியது. பிரிட்டனில் 117 பேரிடம் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், பலூன் வைக்கப்படாமல் சுத்தம் மட்டும் செய்யப்பட்டவர்களே மேலாக இருந்தார்கள்.

அறுவைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றியும் நோயாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் கை தொட்டிலில் இருக்கும். சட்டை மாட்டவும் தலை வாரவும் துணை வேண்டும். கனமான வேலைக்குத் திரும்ப ஆறு மாதம் ஆகும், முழுமையாகத் தேற ஓராண்டு பிடிக்கலாம். கிருமித் தொற்று அரிது, தோள் இறுகிப்போவது அவ்வளவு அரிதன்று. தினக்கூலிக்காரருக்கு ஆறு மாத வருமானம் போவதும் சிகிச்சையின் விளைவுதான். எந்தப் புள்ளி அளவுகோலிலும் அது ஏறுவதில்லை.

நம் ஊரில் இந்த அறுவை நாள்தோறும் நடக்கிறது. ஆகவே நோயாளிகள் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்: என் கிழிசல் அடிபட்டு வந்ததா, தேய்ந்து வந்ததா? எவ்வளவு பெரியது? தசையில் கொழுப்பு எந்த நிலையில் இருக்கிறது? என் வயதில் இது ஒட்டும் வாய்ப்பு என்ன? நீங்கள் தைத்தவர்கள் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு விடை சொல்லும் கடமை மருத்துவமனைகளுடையது. ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு பதிவேடும் போதும், அதற்குப் பெரிய செலவில்லை. அரசு காப்பீட்டுப் பணத்தில் நடக்கும் அறுவைகளுக்காவது ஓராண்டு முடிவைப் பதிந்து வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை என் தீர்ப்பு இது. விழுந்தபின் கை தூக்க முடியாமல் போனவர் இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடிபடாமல் மெல்ல மெல்ல வலி வந்த 55 வயதைக் கடந்தவர், எம்.ஆர்.ஐ. என்ன சொன்னாலும், நல்ல பிசியோதெரபிஸ்டிடம் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கட்டும்.